நாற்பத்தேழு சாம்பல் குடைகளும் ஒரு மஞ்சள் குடையும்

மல்லேஸ்வரம், பெங்களூரு
14 ஏப்ரல் 2025

பொருள்: வீடு திரும்புதல் குறித்து.
பார்வை: 1. நான் அனுப்பி, நீ படிக்காத பதினோரு வாட்ஸ்அப் செய்திகள். 2. "இனி எது சொல்வதானாலும் காகிதத்தில் எழுதச் சொல்" என்று நம் மகள் நிருபமாவிடம் நீ சொல்லி, அவள் மெல்போர்னிலிருந்து எனக்குத் தெரிவித்தது.

சௌபாக்கியவதி ராஜிக்கு,

ஆசீர்வாதம். இன்று வருஷப்பிறப்பு. பச்சடிக்கு வேப்பம்பூ கிடைத்தது, வெல்லம் எங்கே என்று தெரியவில்லை. ஆகவே இந்த வருஷத்தைக் கசப்போடு மட்டும் தொடங்கியிருக்கிறேன்.

நடந்ததைக் கோப்பில் எழுதுவதுபோலக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். ஆறாம் தேதி ராமநவமிக் கச்சேரி. பந்தலில் முன்வரிசையில், எனக்கு அடுத்த நாற்காலியில், உன் பூப்போட்ட கர்ச்சீப்பைப் போட்டு வைத்திருந்தேன். நல்ல கூட்டம். வெங்கடசுப்ரமணியன் சார் வந்தார். ஓய்வுபெற்ற முதன்மைச் செயலாளர், எழுபத்திரண்டு வயது, முட்டிவலி. முப்பத்தொரு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். அவர் நிற்க, பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பது எப்படி? அவர் உட்கார்ந்தார். ஜலதோஷம் வேறு. கையில் அகப்பட்ட துணியில் மூக்கைச் சிந்தினார். பிறகு மறதியாகப் பையில் வைத்துக்கொண்டார். இதில் யாருக்கும் உள்நோக்கம் இல்லை.

இதற்காக அறுபத்தொரு வயதுப் பெண்மணி ஒருத்தி, வர்ணம் முடிவதற்குள் (நிருபமா தந்த தகவல்) திரும்பி நடந்து, மெட்ரோ பிடித்து, வைட்ஃபீல்டில் மகள் பூட்டிவைத்திருக்கும் ஃபிளாட்டில் போய் உட்கார்ந்துகொள்வதற்கு முன்னுதாரணம் எதுவும் இல்லை.

மறுநாள் நான் லைப்ரரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, கர்ச்சீப் பெட்டிகள் நான்கையும் எடுத்துப் போயிருக்கிறாய். பட்டுப்புடவைகளைத் தொடவில்லை. நகையைத் தொடவில்லை. இதிலிருந்து விஷயத்தின் தீவிரத்தைப் புரிந்துகொண்டேன்.

கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். வரும் தேதியைத் தெரிவித்தால் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன்
சுந்தரராமன்

பி.கு: வெல்லம் எங்கே?


வைட்ஃபீல்ட்
19 ஏப்ரல் 2025

நமஸ்காரம். இங்கே க்ஷேமம். அங்கே எப்படி என்று கேட்கவில்லை. வெல்லம் ரவைக்குப் பின்னால், நீல டப்பாவில்.

முதலில் ஒரு திருத்தம். அதில் பூ இல்லை. பதினாறு வருஷமாக நம் வீட்டில் இருந்த பொருள் அது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குடைகள். மேலேயிருந்து, ஏதோ மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல வரைந்த குடைகள். எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை.

எழுபதுகளில் யோகோஹாமாவில் அச்சானது. மூலையில் பாரிஸ் வடிவமைப்பாளர் ஒருவருடைய கையெழுத்து. அந்தக் காலத்தில் பாரிஸில் கவுன் தைத்த பெரிய மனிதர்கள் தங்கள் பெயரை ஜப்பானியர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கவுன் வாங்க முடியாத டோக்கியோ டைப்பிஸ்ட் அந்தப் பெயரைக் கைக்குட்டையாக வாங்கிக்கொண்டாள். நல்ல ஏற்பாடு. பெயரும் கிடைத்தது, கையும் துடைத்தாயிற்று.

2009இல் கம்பெனி என்னை மொழிபெயர்ப்பாளராக நகோயாவுக்கு மூன்று வாரம் அனுப்பியதே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. நான் தனியாக ஏர்போர்ட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் சாருக்கு ஒரு கோப்பு அவசரமாக இருந்தது. முதல் நாள் அங்கே தொழிற்சாலைக் கழிவறையில் கை கழுவிவிட்டுத் துடைக்கத் துண்டைத் தேடினேன். துண்டு இல்லை, காகிதம் இல்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியும் பையிலிருந்து இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். நான் புடவைத் தலைப்பில் துடைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவமானமாக இருந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு நகமும் கைக்குட்டையும் பார்த்துத்தான் பாடம் தொடங்குவார்களாம். நான் நாற்பத்தைந்து வயதில் அந்தப் பரீட்சையில் தவறினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயில் முற்றத்துப் பழம்பொருள் சந்தையில் குடைகளை வாங்கினேன். அது முதல். அதற்குப் பின்னால் வந்தவை இருநூற்றுப் பதினொன்று.

அங்கே மூக்குக்குக் காகிதம். கைக்குட்டையில் மூக்கைச் சிந்துவது, நம் வீட்டுப் பூஜையறைக்குள் செருப்போடு போவது மாதிரி.

இனி கோப்பில் விட்டுப்போனவை. அன்று எனக்கு மொழிபெயர்ப்பு வேலை முடிய நேரமாகும் என்று, "என் இடத்தில் இதைப் போட்டு வையுங்கள், தூரத்திலிருந்தே எனக்குத் தெரியும்" என்று அதைக் காலையில் உங்கள் கையில் கொடுத்தேன். வந்தேன். பந்தல்கால் ஓரத்தில், உங்களுக்கு ஆறடி பின்னால் நின்றேன். சார் கேட்டார்: "யாருக்கோ பிடிச்சு வெச்சிருக்காப்ல இருக்கே, சுந்தரம்?" நீங்கள் சொன்னீர்கள்: "உங்களுக்குத்தான் சார்." அவர் சிந்தி முடித்துவிட்டு, "அடடா, யாரோடது இது?" என்று கேட்டார். நீங்கள் சொன்னீர்கள்: "இருக்கட்டும் சார், வெச்சுக்கோங்கோ. வீட்ல நிறைய இருக்கு."

மறதியாகப் பையில் வைத்துக்கொண்டாராம்!

நிபந்தனை ஒன்றுதான். குடைகள் எனக்கு வேண்டும். நீங்கள் நேரில் போய், அவர் முகத்தைப் பார்த்து, "இது என் மனைவி ராஜலக்ஷ்மியுடையது, கொடுங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும். "வீட்ல" என்று சொல்லக்கூடாது. பெயரைச் சொல்ல வேண்டும். அதுவரை இந்த ஏழாவது மாடியில்தான் இருப்பேன்.

ராஜலக்ஷ்மி


மல்லேஸ்வரம்
25 ஏப்ரல் 2025

பொருள்: மாற்று ஏற்பாடு.
பார்வை: உன் 19ஆம் தேதிக் கடிதம்.

ராஜிக்கு,

வெல்லம் கிடைத்தது. நன்றி. மற்ற விஷயத்தில் நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன.

நீ நின்றதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் கப்பன் பார்க் நடையில் சாரைப் பார்த்தேன். கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். "சார், அன்னிக்குக் கச்சேரியில..." என்று ஆரம்பித்தேன். "ஆமாம் சுந்தரம், தனி ரொம்ப நீளம்" என்றார். "ஆகலி சார்" என்றேன். நீ சிரிப்பாய். செக்ரடேரியட்டில் அவர் எது சொன்னாலும் கன்னடத்தில் "ஆகலி சார்" என்று சொல்லிச் சொல்லி, இப்போது தனி ஆவர்த்தனத்துக்கும் அதுவே வருகிறது. அப்படியே ஆகட்டும் என்றால் யார் மனதும் நோகாது என்று நினைத்துக்கொண்டு பழகிவிட்டேன்.

யோசித்துப் பார். மேலதிகாரியாக இருந்தவரிடம் போய், அவர் மூக்குச் சிந்திய துணியைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வாக்கியத்தில் கேட்பது? நான் எழுதாத வரைவா? மூன்று மந்திரிகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு வரைவு வரவில்லை.

ஆகவே மாற்று ஏற்பாடாக, சிக்பேட்டையில் உயர்தரப் பருத்தியில் ஒரு டஜன் கர்ச்சீப் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சுத்த வெள்ளை. எந்தப் புடவைக்கும் பொருந்தும். நீ இழந்தது ஒன்று, கிடைப்பது பன்னிரண்டு. இந்த அளவில் விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பணிவுடன் கருதுகிறேன்.

மாலையில் காபி தனியாகக் குடிக்கிறேன்.

சுந்தரராமன்


வைட்ஃபீல்ட்
1 மே 2025

நமஸ்காரம்.

பார்சல் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஜப்பானில் வெள்ளைக் கைக்குட்டையை யாரும் யாருக்கும் பரிசாகக் கொடுப்பதில்லை. செத்தவர்களின் முகத்தை மூடும் துணி அது. இல்லாவிட்டால் "இத்தோடு நம் உறவு முடிந்தது" என்பதற்கு அடையாளம். ஜப்பானை விடுங்கள். கர்ச்சீப் கொடுத்தால் பிரிவு வரும் என்று உங்கள் அக்கா நம் கல்யாணத்தில் என்னிடம் ஒற்றை ரூபாயை வாங்கிக்கொண்டுதானே ஒன்று கொடுத்தார்? இரண்டு தேசங்கள் சேர்ந்து கூடாது என்று சொல்லும் காரியத்தை நீங்கள் டஜன் கணக்கில் செய்திருக்கிறீர்கள். முன்னுதாரணம் இல்லாதது என்றால் இதுதான்.

உங்களுக்கு வரைவு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வரைவு நான்தான் கொடுத்திருக்கிறேனே. ஐந்தே வார்த்தை. மனப்பாடம் செய்தால் போதும்.

இனி என் சமாச்சாரம். என் கைக்குட்டைகளைத் துவைத்து, பிழியாமல், ஈரத்தோடு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். உள்ளங்கையால் நீவிவிட்டால் சுருக்கமில்லாமல் காயும். காய்ந்ததும் தானாகவே உதிரும். இஸ்திரி வேண்டாம். நகோயாவில் ஹாஸ்டல் அறைத்தோழி கற்றுக்கொடுத்த வித்தை. அதைக் கீழே புல்வெளியிலிருந்து பார்த்துவிட்டு, இந்த வளாகத்துச் சங்கத்தின் கலைக்குழுச் செயலாளர் ஸ்னேஹா மேலே வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும், பேசுவதெல்லாம் இங்கிலீஷ், கோபம் வந்தால் கன்னடம். பெட்டிகளைத் திறந்து காட்டினேன். இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். "ஆன்ட்டி, இத்தனை நாளா இதையெல்லாம் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றாள். ஒளித்து வைக்கவில்லை, ஒரே வீட்டில், ஒரு மனிதருடைய கண்ணெதிரில்தான் இருந்தது என்றேன்.

ஜூன் எட்டாம் தேதி, ஞாயிறு, கிளப் ஹவுஸில் கண்காட்சி. இருநூற்றுப் பதினொன்றும் வைக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டாவதற்குக் காலிச் சட்டம் ஒன்று தொங்கும். அதன் கீழே அட்டை. வாசகம் தயார்: "குடைகள். யோகோஹாமா, எழுபதுகள். தற்சமயம் முன்னாள் முதன்மைச் செயலாளர் திரு. வெங்கடசுப்ரமணியன் அவர்களின் மூக்கின் பொறுப்பில் உள்ளது."

மாலைக் காபியை நானும் தனியாகத்தான் குடிக்கிறேன். இங்கே டிகாக்ஷன் நன்றாக இறங்குகிறது.

ராஜலக்ஷ்மி


மல்லேஸ்வரம்
11 மே 2025

அவசரம்.

ராஜி,

பொருள், பார்வை எழுத நேரமில்லை. அந்த அட்டையை வைக்காதே.

இன்று காலை கப்பன் பார்க்கில் சார் என் தோளில் கை போட்டார். "சுந்தரம், வைட்ஃபீல்ட்ல ஏதோ கர்ச்சீப் எக்ஸிபிஷனாம். என்னை சீஃப் கெஸ்ட்டாக் கூப்பிட்டிருக்கா. குத்துவிளக்கு ஏத்தணுமாம். கர்ச்சீப்புக்கு என்னய்யா விளக்கு?" என்று சிரித்தார். உங்கள் சங்கத் தலைவர் அவருடன் ஏதோ ஒரு போர்டில் இருந்தவராம். யாருடைய கண்காட்சி என்று அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, எழுதுகிறேன். பேசிக்கொண்டே பையிலிருந்து அதை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அதுதான். அவர் வீட்டில் வேலை செய்யும் அல்போன்சா நன்றாகத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள். நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இது ரொம்ப ராசி, சுந்தரம். எந்தச் சபாவில நாற்காலியில போட்டாலும் ஒருத்தனும் தொடறதில்லை. யாரோ பெரிய மனுஷன் இடம்னு நினைச்சுண்டு நகர்ந்துடறான். இப்பல்லாம் டிரைவர்கிட்டக் கொடுத்து முன்னாடியே அனுப்பிடறேன்" என்றார்.

குடைகள் தெரிந்தன. அதில் ஒன்று வேறு நிறம். முதல்முறையாகப் பார்த்தேன்.

நான் சொன்னது, "ஆகலி சார்."

எனக்குத் தெரியும் நீ என்ன சொல்வாய் என்று. ஆனால் அந்த அட்டையை அவர் படித்தால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? முப்பத்தொரு வருஷச் சர்வீஸில் என் மேல் ஒரு மெமோ கிடையாது. தயவு செய்.

சுந்தரராமன்


வைட்ஃபீல்ட்
17 மே 2025

நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே தலைவர் வந்துவிட்டார். கூடவே ஸ்னேஹா, தலையைக் குனிந்துகொண்டு. சீஃப் கெஸ்ட் பெயரைச் சொன்னார்கள். நான் அட்டையைக் காட்டினேன்.

தலைவர் படித்தார். இன்னொருமுறை படித்தார். "மேடம், இதை எடுத்துடுங்கோ. ஒரு ஐஏஎஸ் அதிகாரி முன்வரிசையில உட்கார்ந்தாத்தான் பேப்பர்ல போட்டோ வரும்" என்றார்.

"அந்த முன்வரிசையில் அவர் ஏற்கனவே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தடவை கிடையாது" என்றேன்.

"அப்போ ஹால் கிடையாது."

"வேண்டாம்."

அவ்வளவுதான். நாற்பது வினாடி. நம் வீட்டில் முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு விஷயம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.

ஆனால் எட்டாம் தேதி எட்டாம் தேதிதான். இந்த ஃபிளாட்டில் புல்வெளியைப் பார்த்து இருக்கிற கண்ணாடிகளை அளந்துவிட்டேன். ஒரு வேளைக்கு நாற்பது கொள்ளும். காலை எட்டு மணிக்கு முதல் நாற்பதை ஈரத்தோடு ஒட்டுவேன். வெயிலில் காய்ந்து உதிர உதிர அடுத்த நாற்பது. மாலைக்குள் இருநூற்றுப் பதினொன்றும் கண்ணாடிக்கு வந்துபோய்விடும். பார்க்க விரும்புகிறவர்கள் கீழே புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். வானத்துக்குச் சங்கத்தின் அனுமதி தேவையில்லை.

சங்கத்தின் துணைவிதி பதினான்கு, பால்கனியில் துணி உலர்த்தக்கூடாது என்கிறது. நான் பால்கனியில் உலர்த்தவில்லை. வீட்டுக்குள், கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுகிறேன். விதியை எழுதியவருக்கு ஈரத்துணி ஒட்டும் என்று தெரியாது. தலைவர் நோட்டீஸ் அனுப்பினார். அதன் பின்பக்கத்தில் எந்தக் கைக்குட்டை எந்தக் கண்ணாடியில் என்று வரைபடம் போட்டிருக்கிறேன். நல்ல தடித்த காகிதம். ஸ்னேஹா கலைக்குழுப் பதவியை விட்டுவிட்டாள். அன்று தண்ணீர் பிடித்துக்கொடுக்க வருகிறாள்.

உங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் எதிரில் வைத்துக்கொள்ளலாம் என்று முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கைக்குட்டையை நான் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று நிருபமா சொல்கிறாள். சேகரிப்பவர்கள் பலர் அப்படித்தான், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கை துடைக்காத கைக்குட்டை வெறும் சதுரம். குடைகளை அன்று பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. உங்களிடம் கொடுத்ததற்குத்தான்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியாயிற்று.

ராஜலக்ஷ்மி


மல்லேஸ்வரம்
27 மே 2025

ராஜிக்கு,

பொருள் இல்லை, பார்வை இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயநகரில் ஒரு சபாவில் கச்சேரி. சார் வருவார் என்று தெரியும். அரை மணி முன்னாலேயே போனேன். முன்வரிசையில், நட்டநடு நாற்காலியில், அது கிடந்தது. டிரைவர் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு நாற்காலியில் மட்டும் ஒருத்தரும் கை வைக்கவில்லை. சார் சொன்னது உண்மை, ராசிதான். அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். வாலண்டியர் ஒருவர் வந்து, "சார், அது ரிசர்வ்ட்" என்றார். "தெரியும், என் மனைவி பண்ணினது" என்றேன். வாயில் தானாக வந்தது.

எடுத்தேன். மடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இருபது நிமிஷம் கழித்து சார் வந்தார். நான் எழுந்திருப்பேன் என்று எதிர்பார்த்து, பாதி உட்காரும் நிலைக்கே வந்துவிட்டார்.

"சுந்தரம், இது நம்ம இடம்னா? கர்ச்சீப் போட்டிருந்ததே?"

"போட்டிருந்தது சார். என்கிட்ட இருக்கு."

"பேஷ். கொடுங்கோ. எழுந்திருங்கோ, ஆரம்பிச்சுடுவா."

என் முட்டி எழுந்திருக்கப் பார்த்தது, ராஜி. மனசு இல்லை, முட்டிதான். முப்பத்தொரு வருஷம் பழகிய முட்டி. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஆகல்ல சார்" என்றேன்.

முடியாது என்பதற்குக் கன்னடத்தில் இவ்வளவு சின்ன வார்த்தை இருக்கிறது. நான் சர்வீஸில் ஒரு தடவைகூட உபயோகித்ததில்லை. அவருக்கும் பழக்கமில்லை, காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, "என்ன?" என்றார்.

"இது என் மனைவி ராஜலக்ஷ்மியோடது சார். ராமநவமி அன்னிக்கு அவளுக்காகப் போட்டது. உங்களுக்குன்னு நான் பொய் சொன்னேன். வெச்சுக்கோங்கோன்னு சொன்னதும் தப்பு. எனக்குப் பாத்தியதை இல்லாத பொருள்."

"ஒரு கர்ச்சீப்புக்கா சுந்தரம்? நாலு பேர் பார்க்கறா."

"பார்க்கட்டும் சார். வைட்ஃபீல்ட் எக்ஸிபிஷன் அவளோடதுதான். உங்களை வேண்டாம்னு சொன்னதும் அவதான்."

அவர் முகம் கோப்பைத் தூக்கி எறிகிற முகமாக மாறியது. ஆனால் எறிவதற்குக் கையில் கோப்பு இல்லை. இரண்டாம் வரிசையில் யாரோ இடம் கொடுத்தார்கள். எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். கச்சேரி முழுக்க என் பிடரியில் அவருடைய தும்மல்கள் விழுந்துகொண்டிருந்தன. நான் திரும்பவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன்வரிசை நட்டநடுவில் உட்கார்ந்தால் பாடகரின் முகவாய்க்கட்டையும் மைக் கம்பியும்தான் தெரிகின்றன. மிருதங்கம் காதை அடைக்கிறது. இந்த இடத்துக்காகவா ஊரே இப்படி அடித்துக்கொள்கிறது, இந்த இடத்தையா உன்னிடமிருந்து பிடுங்கி அவருக்குக் கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மங்களம் வரை எழுந்திருக்கவில்லை.

கப்பன் பார்க் நடைக்கு இனி போக முடியாது. அந்தக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து இரவே என்னை எடுத்துவிட்டார்கள். மல்லேஸ்வரத்திலேயே நடக்க இடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, நானே துவைத்தேன். பிழியவில்லை. பீரோக் கண்ணாடியில் ஒட்டி உள்ளங்கையால் நீவினேன். காய்கிறவரை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சாம்பல் நிறத்தில் நாற்பத்தேழு குடைகள். மஞ்சளில் ஒன்று, வலது மூலையில், மற்றவை போகும் திசைக்கு எதிராகப் போகிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கறை. அவருடையதா, காலத்தினுடையதா தெரியவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. காலையில் எழுந்தபோது உதிர்ந்து தரையில் கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

தபாலில் அனுப்ப மனமில்லை. நேரில் கொடுக்கலாமா? வீட்டுக்கு வா என்று இதில் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

சுந்தரராமன்


வைட்ஃபீல்ட்
1 ஜூன் 2025

நமஸ்காரம். அங்கே க்ஷேமமா?

நாற்பத்தேழும் ஒன்றும். சரியான விடை.

கறையைத் தேய்க்காதீர்கள். அது எப்படி வந்தது என்று அட்டையில் எழுதப்போகிறேன். பழைய கைக்குட்டைக்குக் கதை இருந்தால் சேகரிப்பவர்கள் நடுவில் மதிப்பு அதிகம். மூக்கின் பொறுப்பிலிருந்து மீட்கப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கிறேன். மீட்டவர் பெயரும் இருக்கும்.

நான் திரும்பி வருகிறேன் என்று இதில் எழுதவில்லை என்பதை நீங்களும் கவனிக்கவும். இங்கே என் சாமானுக்குக் கண்ணாடி இருக்கிறது. மல்லேஸ்வரம் வீட்டில் நான்கு பெட்டியையும் கட்டிலுக்கடியில்தான் வைக்க இடம் இருந்தது. இடம் எங்கே என்று நீங்கள் யோசித்து வையுங்கள். நானும் யோசிக்கிறேன். காபிப் பொடி அரைக்கும்போது இரண்டு பேருக்கு அரையுங்கள். எங்கே குடிப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

எட்டாம் தேதி காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். தலைவர் வாசல் காவலாளிக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரியாது. தடுத்தால் அந்தச் சின்ன வார்த்தையைச் சொல்லுங்கள். புல்வெளியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. முன்வரிசை இல்லை, பக்கவாட்டில், மரத்தடியில். அங்கிருந்துதான் எல்லாக் கண்ணாடியும் தெரியும். அதில் ஒரு கைக்குட்டை போட்டு வைத்திருப்பேன். பாசிப்பச்சை, ஓரத்தில் மீன்கள். அது உங்கள் இடம். யார் வந்து நின்றாலும் எழுந்திருக்கக்கூடாது. நானாக இருந்தால் நகர்ந்துகொள்ளுங்கள்.

நடுக் கண்ணாடியைக் காலியாக விட்டிருக்கிறேன். குடைகளைக் காய்ந்தபடி கொண்டுவர வேண்டாம், ஒட்டாது. வீட்டிலேயே நனைத்து, பிழியாமல், கையிலேயே கொண்டுவாருங்கள். மெஜஸ்டிக்கில் வண்டி மாறும்போது சொட்டும். சொட்டட்டும். ஈரத்துணியை ஏன் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், யாருடையது என்று பெயரைச் சொல்லுங்கள்.

ராஜி